ஷட்டரில் இருந்த மூன்று எழுத்து

இருபத்தாறு வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

பழைய சாமான் கடையில் அந்த மடிப்புக் கேமரா கிடைத்தது. மூடியைத் திறந்து இழுத்தால் கறுப்புத் துருத்தி நீண்டு, முனையில் லென்ஸும், வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டரும் வந்து நிற்கும். துருத்தியில் ஊசித் துளைகூட இல்லை. ஆனால் யார் செய்தது என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. லென்ஸைச் சுற்றியிருந்த வளையம் மொட்டை. ஷட்டரின் விளிம்பில் மட்டும் மூன்று ஆங்கில எழுத்துகள்: பி, ஏ, டி. அதற்கப்புறம் பச்சைக் களிம்பு.

எனக்கு அது போதாதா? பாட் என்று ஒருவர் இருந்திருக்கிறார், சிறிய பட்டறையில் கையாலேயே ஷட்டர் செய்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. இல்லாததாலேயே அவர் அபூர்வமானவர் ஆனார். ஒரே வாரத்தில் அவருக்கு ஒரு கூட்டாளியும், பட்டறையை அழித்த ஒரு தீ விபத்தும் உண்டாகிவிட்டன.

அதில் ஒரு சுருள் படம் எடுத்தேன். நடுவில் இருப்பது ஓரளவு தெரிந்தது. ஓரமெல்லாம் கரைந்து ஓடியது.

"ஏங்க, என் காது எங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அதுதான் அந்த லென்ஸோட குணம்."

"குணமா? காய்ச்சல்காரன் எடுத்த மாதிரி இருக்கு."

எங்கள் கேமரா சங்கத்தின் மாதக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பாட் அவர்களின் வாழ்க்கையைப் பேசினேன். தீ விபத்தைச் சொல்லும்போது என் குரல் கம்மியது. சங்கத் தலைவரான கணக்கு வாத்தியார்கூட மூக்கை உறிஞ்சினார்.

அடுத்த ஞாயிறு மச்சினன் சாப்பிட வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவன். வாயைப் பிளக்கட்டும் என்று கேமராவை நீட்டினேன். அவன் லென்ஸைத் திருகிக் கழற்றி, செய்தித்தாளின் மேல் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தினான். விளிம்பை நகத்தால் தடவினான்.

"மாமா, இது மூக்குக்கண்ணாடி."

"என்னடா சொல்ற?"

"பவர் பிளஸ் பத்து இருக்கும். அந்தக் காலத்துல கண்புரை ஆபரேஷன் ஆனவங்க போடுற கெட்டிக் கண்ணாடி. உண்மையான லென்ஸ் ஒடைஞ்சு போயிருக்கும். யாரோ இத வட்டமா தேச்சு உள்ள சொருகியிருக்காங்க. அதுவும் கோணலா."

நான் விடவில்லை. "சரி, ஷட்டராவது பாட் செஞ்சது."

"யாரு பாட்?"

மூன்று எழுத்தையும் காட்டினேன். "கொஞ்சம் ஸ்பிரிட் குடுங்க" என்றான். நாள் முழுக்க நான் விற்கிற சாமான். பழமை கெட்டுவிடும் என்று ஒரு சொட்டுகூட நான் தொட்டுத் துடைத்திருக்கவில்லை. பஞ்சில் நனைத்து அவன் தேய்க்கத் தேய்க்க, களிம்புக்கு அடியிலிருந்து மிச்ச எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. பேட்டன்ட் அப்ளைட் ஃபார். காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று அர்த்தம். அவ்வளவுதான். நான் பாட் என்று படித்தது பேட்டன்ட்டின் முதல் மூன்று எழுத்து; அது யார் பெயரும் இல்லை.

"விண்ணப்பம் போட்டதோட சரி போல, உங்க ஆளு" என்றான் மச்சினன். சமையலறையில் மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள்.

அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். அங்கே இரண்டு உறுப்பினர்கள் தங்கள் கேமராக்களோடு எனக்காகக் காத்திருந்தார்கள். அவற்றிலும் அதே மூன்று எழுத்து. ஒருவர், "பாட், ஆரம்ப காலம்" என்று அட்டையே எழுதித் தொங்கவிட்டிருந்தார். நான் எழுந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அப்ப அந்தத் தீ விபத்து?" என்றார் வாத்தியார்.

"அதுவும் இல்ல சார்."

அட்டைக்காரர் அட்டையைக் கழற்றி நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. ஷட்டரைச் செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சங்கப் பதிவேட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வருகிற மாதம் பேச மச்சினனை அழைத்திருக்கிறார்கள். அவனை அறிமுகப்படுத்தும் பொறுப்பு எனக்கு. இரண்டு நிமிஷத்துக்கு மேல் கூடாது என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.