ஒரு விரல் கரை

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வெண்ணந்தூர் நெசவுக்காரர் சென்னிமலை இறந்துபோனார். மறுநாள் காலையில் ஊரே கூடி அழுதுகொண்டிருக்க, அவர் மகன் வீரபாகுவின் கவலை வேறாக இருந்தது. அம்மாவுக்கு இது தெரியக்கூடாது.

அம்மா கந்தம்மாள் இரண்டு மாதமாக மல்லசமுத்திரத்தில், மகள் பொன்னாத்தாள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கெட்ட சேதி காதில் விழுந்தால் நெஞ்சு தாங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். யுத்தத்தால் நூல் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா கிடந்த வருஷம் அது. வெள்ளிதோறும் வீரபாகு போய் அவளைப் பார்த்து வருவான். ஒரு வெள்ளி தவறினாலும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். போனாலோ, அப்பனுக்குக் கொள்ளி வைத்த தலை மொட்டையாக இருக்கும். மீசையும் இல்லாமல் மொட்டைத் தலையோடு மகன் வந்து நின்றால் எந்தத் தாய்க்குத்தான் புரியாது?

ஆபத்துக்குப் பாவமில்லை என்று அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வாசலில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த நாவிதர் ரங்கன் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"ரங்கண்ணா, சுத்தியும் ஒரு விரக்கடை கரை உட்டுட்டு, நடுவால மட்டும் எடுங்க. மீசையத் தொட வேண்டாம்."

"கரையா? ஏனுங்க, தலைய வழிக்கச் சொல்றீங்களா, வேட்டி நெய்யச் சொல்றீங்களா?"

நெசவுக்காரன் பேச்சு எங்கே சுற்றினாலும் தறியில்தான் வந்து நிற்கும். வீரபாகு மடியிலிருந்து ஓர் இழை நூலை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக் காட்டினான்.

"இந்த நூலுக்கு மேல உருமாலை கட்டிக்குவேன். கீழ மயிரு தெரியோணும். எங்கம்மா பார்த்தா முழுத்தலையும் இருக்குதுன்னு நெனைக்கோணும்."

"பெத்த அப்பனுக்கு அரை மொட்டையா? என்னோட கத்தி இப்படியொரு வேல செஞ்சதில்லீங்க."

"அம்மாவாச்சும் இருக்கட்டுமுங்க."

ரங்கன் அவன் தலையில் தண்ணீரைத் தடவி, நூலுக்கு மேலே வழித்து எடுத்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். விட்ட முடி காதோரத்திலும் பிடரியிலும் கலைந்து தொங்கியது.

"ஓரம் பிசிறடிக்குதுங்க. நூல் புடிச்சாப்ல ஒதுக்கி உடுங்க."

ஒதுக்கினார். "இந்தப் பக்கம் இன்னம் துளி." அதையும் ஒதுக்கினார். "நெத்தியில கோணுதுங்களே." மூன்றாம் தரமும் கத்தி பட்டது. சேலைக்குக் கரை பார்க்கும் கண்ணோடு வீரபாகு கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்படி ஒரு ஓரம் அவனுக்கு ஆயுசில் அமைந்ததில்லை. ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கண்ணாடியில் பின்னால் அப்பாவின் கால்கள் தெரிந்தன, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓவென்று அழுதான்.

எரித்துவிட்டு, குளித்து, தலைப்பாகை கட்டி, வண்டி பிடித்து அவன் மல்லசமுத்திரம் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பொன்னாத்தாளுக்குச் சேதி முன்னமே வந்திருந்தது. மாட்டுக் கொட்டகையில் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுது தீர்த்து, முகம் கழுவிவிட்டு நின்றிருந்தாள். உள்ளே கட்டிலிலிருந்து கந்தம்மாள் குரல் கொடுத்தாள்.

"வந்தியா சாமி? பொழுதே போயிருச்சு. உங்கப்பன் சோறு உண்டாரா?"

"உண்டாருங்கம்மா."

"கிட்ட வா."

கந்தம்மாள் அவன் கன்னத்தைத் தடவினாள். விரல் மேலே ஏறி, தலைப்பாகைக்குக் கீழே காதோரத்துக்கு வந்தது. முடி இருக்கிறது, பயமில்லை என்று அவனும் தலையைக் குனிந்து கொடுத்தான். நாற்பது வருஷம் நூலில் முடிச்சுத் தேடிய விரல் அங்கேயே நின்றது.

"ஓரமெல்லாம் வழவழன்னு இருக்குதே. எப்பச் செரச்சே?"

"இன்னிக்குக் காத்தாலைங்க."

"வெள்ளிக்கெழமையிலயா?"

வெள்ளிக்கிழமை எந்த வீட்டிலும் தலையில் கத்தி வைக்கமாட்டார்கள். சாவு விழுந்த வீட்டுக்குத்தான் கிழமை கிடையாது. ஓரத்துக்காக மூன்று தரம் கண்ணாடி பார்த்தவனுக்கு இது தோன்றவே இல்லை. ரங்கனுக்கும் சாவு வீட்டில் கிழமை பார்த்துப் பழக்கமில்லை.

அவள் தலைப்பாகையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். நடுத்தலை வெளுத்துக் கிடந்தது.

"எப்ப?"

"நேத்துப் பொழுதோடங்க."

"எடுத்தாச்சா?"

"ஆச்சுங்கம்மா. உனக்கு ஏதாச்சும் ஆயிருமேன்னுதான்..."

"ஆனா ஆயிட்டுப் போவுது! நாப்பது வருசம் அந்த மூஞ்சியப் பாத்தவ நானு. கட்டிலோட தூக்கிட்டுப் போயி ஒருக்காக் காட்டியிருக்கக்கூடாதா சாமி?"

 ஒரு விரல் அகலத்து முடியைப் பற்றிக் காலையெல்லாம் யோசித்தவன், அவளை வண்டியில் வைத்துக் கூட்டிப்போகலாம் என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. அவள் பிழைத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. அதற்காக அவளிடமிருந்து எதை எடுத்துவிட்டான் என்பது இப்போதுதான் தெரிந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றான்.

கந்தம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அவரு கண்ணு மூடியிருந்துச்சா?"