கிசுகிசுச் சண்டை

பறவைச் சரணாலயத்துக்கு என் பங்கு வயலை விற்றதிலிருந்து அண்ணன் ப்ரெபென் என்னோடு பேசவில்லை. பறவைகளுக்காகப் பாதி வயலில் தண்ணீர் நின்றால் மீதியில் என்ன விளையும்? வேறு வழியில்லாமல் அவனும் விற்றான். காலமெல்லாம் பம்பு ஓட்டி அந்தத் தண்ணீரை வெளியேற்றியவன். பம்பை நிறுத்திய அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன், மூன்று வருடம் கழித்து நேற்றுதான் போன் செய்தான். "யிட்டே, நாளைக்கு நம்ம பழைய வயலுக்கு வா. பேசணும்." அண்ணன் தங்கை உறவே வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டே கிளம்பினேன்.

போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பறவை பார்க்கும் மரக்குடிலுக்குள் ஒதுங்கினோம். அங்கே தொலைநோக்கியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். குடிலுக்குள் குரலை உயர்த்தக் கூடாது. ப்ரெபெனோ கொட்டகை அதிரப் பேசுகிறவன்.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்று என் காதோரம் கிசுகிசுத்தான்.

"எதுக்கு? வருஷா வருஷம் கிழங்கு அழுகுன வயல்தானே."

"உழுதவன் நான். நீ கோபன்ஹேகன்ல ஊரான் பல்லப் பிடுங்கிட்டு இருந்த."

"பிடுங்குன காசுலதான் உன் பம்புக்கு டீசல் ஊத்துனோம் அண்ணே."

"உஷ்" என்றார் பெரியவர்.

அத்தனை நாள் கோபத்தையும் கிசுகிசுத்தே கொட்டுவது லேசில்லை. பாதியில் அவனுக்கே சிரிப்பு முட்டி, அதை இருமலாக்கினான். அப்போது எதிரே ஆள்காட்டிக் குருவிகள் கூட்டமாக இறங்கின.

"அங்கதானே அப்பாவோட டிராக்டர் சேத்துல புதைஞ்சுது?" என்றேன்.

"ரெண்டு தடவ. மூணாவது தடவ புதைச்சது நான். உன்கிட்ட சொல்லல."

மழை விட்டதும் கிளம்பினோம். வழியில், தண்ணீர் வடியாமலிருக்கச் சரணாலயத்துக்காரர்கள் மண்ணைப் போட்டு அடைத்திருந்த எங்கள் பழைய வடிகால் வாய்க்கால். அடைப்பில் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ப்ரெபென் மண்டியிட்டான். வாய்க்கால் அடைத்திருந்தால் பொறுக்காத கை அது. மொத்தத்தையும் தோண்டித் திறந்துவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

அவன் இரண்டு கையாலும் சேற்றை அள்ளி விரிசலில் அப்பினான்.

"பாத்துட்டே நிக்கிறியே யிட்டே, தண்ணி பூரா போகுது. மண்ண எடுத்துப் போடு."

நல்ல கோட்டோடு சேற்றில் இறங்கினேன். மண்ணை வாரி வாரிப் போட்டேன்.

"குடிலவிட்டு வந்தாச்சே, இன்னும் ஏன்ணே கிசுகிசுக்குற?"

"பறவ இருக்குல்ல, லூசு."