கேனில் இருந்தது பாசியில்லை

என் அப்பா காசிலிங்கத்துக்குத் தாமிரபரணித் தண்ணீரைவிட உசத்தியான பொருள் உலகத்திலேயே கிடையாது. அந்தப் பெருமைதான் அன்று என் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

எனக்கு எம்.எஸ்ஸி. கடைசி வருடச் செய்முறைத் தேர்வு. தண்ணீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜன் எடுத்துக் காட்ட வேண்டும். தேறினால் தூத்துக்குடியில் ஹைட்ரஜன் ஆலை வேலை, தேறாவிட்டால் அது வேறு யாருக்கோ. அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு பஸ்ஸில் போனோம்; கருவி என் மடியில், பொட்டாஷ் காரம் கரைத்த கேன் அப்பா கையில்.

தேர்வாளர் தில்லைநாயகம் லேசில் விடுகிற ஆள் இல்லை. “துத்தநாகத்துல அமிலத்த ஊத்துனாலே ஹைட்ரஜன் வந்துரும். எதுக்கும்மா இந்தப் பாடு?” என்றார்.

“துத்தநாகம் கரைஞ்சு தீர்ந்துரும் சார். எரிவாயுவுல இருந்து எடுத்தா கரியமில வாயுவும் சேர்ந்து வருது. தண்ணியப் பிரிச்சா அந்தத் தொல்லை இல்ல. கரண்டு மட்டும் வெயில்லயோ காத்தாலையிலயோ எடுத்துக்கிடணும்.”

மிடுக்காகச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டேன். ஒரு குமிழி வரவில்லை. கம்பி சரி, பேட்டரி சரி. சந்தேகப்பட்டு சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தேன். அது நீலமாக மாறாமல் சிவப்பாகவே இருந்தது. தண்ணீரில் காரமே இல்லை.

வராந்தாவில் நின்ற அப்பாவிடம் ஓடினேன். “எப்பா, கேன்ல இருந்த தண்ணி எங்க?”

“காலையில பஸ் ஏறுறதுக்கு முன்ன மூடி ஒழுகிக் கையில பட்டுச்சு, ஒரே வழவழப்பு. பாசி பிடிச்சிட்டுன்னு கொட்டிட்டு, கேன நாரு போட்டுத் தேச்சு, ஆத்துத் தண்ணி மோந்தேன். வாத்தியாருக முன்னாடி பாசித் தண்ணியையா வைப்ப?”

“வழவழன்னு இருந்தது பாசியில்லப்பா, காரம். அது இல்லாம இந்தத் தண்ணியில கரண்டு ஓடாது. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க” என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். காரம் இருந்த ஆய்வக அலமாரியின் சாவி வைத்திருப்பவர் அன்றைக்கென்று லீவு. தில்லைநாயகம் பத்து நிமிடம் கொடுத்தார்.

அப்பா கேன்டீனுக்கு ஓடி, கை நிறைய உப்போடு வந்தார்.

“உப்பப் போட்டா குளோரின் வரும், எல்லாரும் இருமிட்டுக் கிடக்கணும். ஆப்பச்சோடா இருக்கான்னு பாருங்க.”

மறுபடி ஓடினார். ஆப்பச்சோடா டப்பாவோடு பஜ்ஜி மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு வந்தார். கரைத்து, சுவிட்சைப் போட்டேன். பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. வாயுவைச் சோப்பு நுரையில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினேன். டப்பென்று வெடித்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

“தேறிட்டம்மா. உப்பு வேண்டாம்னு சொன்னதுக்கே மார்க் போடலாம்” என்றார் தில்லைநாயகம்.

வெளியே வந்தால் அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். காரம் பட்ட உள்ளங்கை சிவந்து கிடந்தது. இவ்வளவு நேரமும் அதைச் சொல்லவே இல்லை மனுஷன். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. குழாயடிக்குக் கூட்டிப்போய் அந்தக் கையை வெகுநேரம் கழுவிவிட்டேன்.

“தேறிட்டேம்ப்பா.”

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு பைய, “ஏட்டி, ஆத்துத் தண்ணி மேல குத்தம் இல்லல்லா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. உங்க மேலதான்.”

“அப்பஞ் சரி” என்றார், ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி.