சும்மா உட்கார்ந்திருப்பவள்

அதியமான்கோட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். செம்புக் கம்பியைச் சுற்றும்போது மனசுக்குள் எண்ணிக்கொண்டே போவேன். எண்ணிக்கை ஓடத் தொடங்கிவிட்டால் ஹைவேயில் போகிற லாரிச் சத்தம்கூடக் காதில் விழாது. அந்தச் சுகத்துக்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆனால் வாய் திறக்காமல் ஒருத்தி வேலை செய்தால் இந்த ஊருக்குப் பொறுக்காது. வேலை என்றால் சத்தம் வர வேண்டுமாம்.

நேற்றுக் காலை குப்புராஜ் வந்தார். அவருடைய கிணற்று மோட்டாருக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா தேவி, சும்மாதான உக்காந்திருக்கிற?"

நான் நிமிரவில்லை.

"உன்னத்தான் கேக்கறன்!" என்று மேஜையைத் தட்டினார்.

எண்ணிக்கை போயே போய்விட்டது. சுற்று தப்பினால் மோட்டார் எரிந்துபோகும். வந்த கோபத்தில், சுற்றியது முழுவதையும் அவர் கண்ணெதிரிலேயே பிடுங்கிப் பிரித்தேன்.

"ஐயோ, எதுக்கு பிரிக்கிற? யாரு மோட்டரு அது?"

"உங்க மோட்டருதாங்க."

அவர் முகம் செத்துவிட்டது. "தக்காளி காயுதும்மா. எப்பதான் முடியும்?"

"நீங்க சும்மா இருந்தீங்கன்னா, சாயந்தரம் முடிஞ்சிரும்."