மடிக்காத கடற்பாசி

கப்பல் பியோங்தேக் துறைமுகத்தை நெருங்கியதும் மேஸ்திரி கூ பன்சோக் தராசுக் கொக்கியோடு கிளம்பிவிட்டான். சீனாவிலிருந்து கொரியாவுக்கு மூட்டை சுமக்கும் நாற்பது பேருக்கும் டிக்கெட் எடுத்து, அவர்கள் கொண்டுவரும் சரக்கை வாங்கி விற்பவன் அவன்தான். சொந்த உபயோகத்துக்கென்று ஆளுக்கு ஒவ்வொரு பொருளிலும் ஐந்து கிலோ சுங்கத்தில் விடுவார்கள். அந்த ஐந்து கிலோவும் தன் அப்பன் சொத்து என்பது அவன் நினைப்பு. முந்நூறு கிராம் எள் கூடியதற்குச் சற்றுமுன்புதான் ஒரு பெரியவரைப் பல் தெறிக்க அறைந்திருந்தான்.

வரிசையில் அடுத்து நின்ற கிழவி கும்சுக்கின் மூட்டையில் எடை சரியாக இருந்தது. ஆனால் மூட்டைக்கு வெளியே காய்ந்த கடற்பாசிக் கட்டு ஒன்று கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

“இது என்ன, துடைப்பமா?”

“இங்க கொரியாவுல, ஆன்சான்ல என் பொண்ணு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா, தம்பி. பெத்ததும் இந்தப் பாசியில சூப் வச்சுக் கொடுக்கணும்.”

“மடிச்சு உள்ள வை கிழவி. ஆபீசர் கண்ணு மொத்த வரிசை மேலயும் விழும்.”

“இதை மடிக்கக் கூடாதுன்னு தெரியாதா? உன்னைப் பெத்தப்போ உங்கம்மா மடிச்சதையா தின்னா? அதான் இப்படி வளைஞ்சு பொறந்திருக்க.”

யாரோ சிரித்துவிட்டார்கள். பன்சோக் கட்டை உருவி, முழங்காலில் வைத்துப் படக்கென்று முறித்தான்.

பிரசவத்துக்கு வாங்கும் பாசி முறிந்தால் பெறுகிறவளுக்கு ஆகாது. கடைக்காரன்கூட அதை வளைக்காமல்தான் கட்டித் தருவான். கும்சுக் அவனுடைய தராசுக் கொக்கியைப் பிடுங்கி ஒரே இழுப்பில் அவன் கன்னத்தைக் காதுவரை கிழித்தாள். அவன் அவள் கூந்தலைப் பிடித்து இரும்புத் தூணில் இரண்டு முறை மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அவள் விடவில்லை. குனிந்தவன் தோளில், முதுகில், கையில் என்று கொத்திக்கொண்டே இருந்தாள்.

“போதும்க்கா, செத்துத் தொலையப்போறான்,” என்று கூடச் சுமக்கும் சுன்யோ கத்தினாள். நான்கு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

கரையில் பன்சோக்கை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். சுங்க அதிகாரி முறிந்த பாசியை மேசையில் வைத்தார்.

“விக்கறதுக்கா?”

“என் பொண்ணுக்கு.”

“சொந்தப் பொருள், வரி இல்ல. இது போகலாம். நீங்க போக முடியாதும்மா, குடியேற்றத்துல தடுத்துட்டாங்க. சீனக் கப்பல்ல நடந்த அடிதடி. அதே கப்பல்ல திரும்பிப் போய் அங்க போலீசுக்குப் பதில் சொல்லுங்க.”

சுன்யோ பாசித் துண்டுகளை எடுக்கப் போனாள். கும்சுக் தடுத்தாள்.

“அது வேணாம்டி. முறியாததா ஒண்ணு இங்கயே வாங்கி என் பொண்ணுகிட்ட கொடு. நான் கொடுத்துவிட்டேன்னு சொல்லு.”

“நீங்க ஏன் வரலைன்னு கேட்பாளே?”

கும்சுக் நெற்றி ரத்தத்தை மூட்டைத் துணியால் துடைத்தாள்.

“அம்மா எடை கூடிப்போச்சு, உள்ள விடலைன்னு சொல்லு.”