பதினொரு நாள் வராதவள்

கடிதத்தை இரண்டாம் முறை படித்து முடித்தபோது அம்புஜத்திற்குத் தன் கால்களின்மீதே ஐயம் பிறந்தது. ஜூன் முதல் தேதி தொடங்கிப் பதினைந்தாம் தேதி வரையில், பதினொரு வேலை நாள்கள், அவள் முன்னறிவிப்பு ஏதுமின்றி அலுவலகத்திற்கு வரவில்லையாம். மூன்று நாள்களுக்குள் தக்க விளக்கம் தராவிட்டால், வேலையைக் கைவிட்டு ஓடியவளாகக் கருதப்படுவாளாம். விடுவிப்புக் கடிதமும் வழங்கப்படமாட்டாதாம்.

"ஏன் அம்புஜம், தெனம் காலைல எட்டேகாலுக்கு டப்பா கட்டிக்கிட்டுப் போறியே, ஆபீசுக்கு இல்லேன்னா எங்கதான் போற? கப்பன் பார்க்குக்கா?" என்று கேட்டார் அவள் கணவர் சந்திரசேகரன்.

"வயித்தெரிச்சலக் கிளப்பாதீங்க."

"இல்ல, ஓடிப்போறதுன்னா சொல்லிட்டு ஓடு. நானும் ஒரு பையத் தூக்கிக்கிட்டு வரேன்."

அம்புஜத்திற்குச் சிரிப்பு வரவில்லை. அல்சூரில் உள்ள அந்தச் சிறிய வீட்டின் கூடத்தை அவள் அதற்குள் பத்து முறை அளந்துவிட்டிருந்தாள்.

தொம்மலூரில், மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்யும் நோய்க் குறிப்புகளைத் தட்டச்சிட்டு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் அவளுக்குப் பதினான்கு ஆண்டு வேலை. புதிதாகச் சேர்வோருக்குப் பயிற்சி அளிப்பது அவள் பொறுப்பு. மே நான்காம் தேதி விலகல் கடிதம் கொடுத்தாள். அறுபது நாள் நோட்டீஸ். ஜூலை மூன்றாம் தேதியோடு கணக்குத் தீரும். ஆறாம் தேதி, திங்கட்கிழமை, பிரேசர் டவுனில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் சேர வேண்டும். அந்த மருத்துவமனையார் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தனர்: சேரும் நாளன்று விடுவிப்புக் கடிதம் கையில் இருந்தாக வேண்டும், இல்லையேல் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஓர் இடம் இன்னொரு முறை அமையாது என்பதை அம்புஜம் அறிவாள்.

மே மாதக் கடைசியில்தான் தொல்லை தொடங்கிற்று. அவளுடைய மேலாளன் சுஹாஸ், ஒரு காலத்தில் அவளிடமே பயிற்சி பெற்றவன், "டேட்டா செக்யூரிட்டி" என்று ஒரு சொல்லைச் சொல்லி மடிக்கணினியை வாங்கிக்கொண்டான். இனிக் கீழ்த்தளத்துப் பயிற்சி அறையில் இருக்கச் சொன்னான். மறு திங்கட்கிழமை அவளுடைய அட்டையை வாயிற்பொறியில் வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது.

அட்டை வேலை செய்யாதவர் பார்வையாளர் புத்தகத்தில் பெயரெழுதி, கழுத்தில் 'விசிட்டர்' என்ற பட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டுமென்பது அங்குள்ள விதி. அம்புஜம் பேனாவை எடுத்தும்விட்டாள். வாயிற்காவலர் லாயிட்தான் புத்தகத்தை மூடிவிட்டார்.

"உங்க பேர விசிட்டர் புக்ல பாக்க என் கண்ணு ஒத்துக்காதும்மா. எங்க பொண்ணு பெட்டிக்கு வேல கத்துக் குடுத்தவங்க நீங்க. இன்னிக்கு அவ கொச்சில ஹெட்டா இருக்கா. நீங்க விசிட்டரா?" என்று சொல்லிவிட்டுத் தம் அட்டையைப் பொறியில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். அன்று முதல் நாள்தோறும் அதே மரியாதை நடந்தது. ஒவ்வொரு நாளும் பொறி லாயிட்டின் பெயரையே எழுதிக்கொண்டது என்பதை மரியாதை செய்தவரும் எண்ணவில்லை, பெற்றவளும் எண்ணவில்லை.

உள்ளேயோ வேலை என்பது மருந்துக்கும் இல்லை. அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே அமர்ந்து, வெள்ளைப் பலகையில் எழுதும் பேனாக்களை ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்து, காய்ந்தவற்றைத் தனியே வைப்பாள். மறுநாள் அவற்றையே மறுபடியும் கீறிப் பார்ப்பாள். உணவுக்கூடம் மேல்தளத்தில், அட்டை கேட்கும் கதவுக்கு அப்பால் இருந்தமையால், கொண்டுவந்த தயிர்ச்சோற்றையும் அங்கேயே தனியாக உண்பாள். மேலேயிருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை. வராத நாளென்று ஒன்றைக் காட்டி எவரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்றுதான் அவ்வளவையும் பொறுத்துக்கொண்டாள்.

கடிதம் வந்த மறுநாட் காலை, வழக்கத்திற்கு அரைமணி முன்னதாகவே அவள் வாயிலுக்கு வந்துவிட்டாள். செய்தியைக் கேட்ட லாயிட்டின் முகம் வெளிறியது.

"நான் மேல போய்ச் சொல்லிடறேம்மா. என் கார்டுலதான் வந்தாங்கன்னு."

"சொன்னா உங்க செக்யூரிட்டி ஏஜென்சில என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க... அன்னிக்கே யூனிஃபார்மக் கழட்டச் சொல்வாங்க. போன வருஷம் ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு."

"நீங்க ரிட்டயராக இன்னும் எத்தன மாசம் இருக்கு?"

"ஏழு."

"அப்ப வாயத் திறக்காதீங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் சொல்ல வேணாம். கேக்காததச் சொல்லாதீங்க, போதும்."

சொல்லிவிட்டாளே தவிர, படியேறும்போதுதான் கணக்கு அவளுக்கு முழுதும் விளங்கிற்று. வந்தேன் என்று நிறுவினால் லாயிட் போவார். நிறுவாவிட்டால் ஆறாம் தேதி போகும்.

பணியாளர் பிரிவில் ஸ்னேஹா என்ற இளம்பெண் இருந்தாள். "பன்னி மேடம், கூத்கொள்ளி," என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி நாற்காலியை நகர்த்தினாள். பிறகு தமிழுக்கு மாறினாள். "சிஸ்டம்ல உங்க என்ட்ரியே இல்ல மேடம். நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

"நான் தெனம் வந்தேன்."

"எப்படி வந்தீங்க? கதவு திறக்காதே."

"நடந்து வந்தேன்."

ஸ்னேஹா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "யாராவது திறந்து விட்டாங்களா? பேர் மட்டும் சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடறேன். இல்லேன்னா கேமரா பாத்துடலாம். இருவது நாள் ரெக்கார்டிங் இருக்கு. நீங்க வந்தது அதுல தெரிஞ்சுடுமே?"

தெரியும். அவள் முகத்திற்கு அருகே, அட்டை பிடித்த அந்தக் காக்கிக் கையும் தெரியும். ஆம் என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும்.

"வேணாம்."

"ஏன் மேடம்? உங்களுக்குத்தானே நல்லது?"

"நான் வந்தேனா இல்லியாங்கறது ரெண்டாவது கேள்வி. மொதக் கேள்வி, என் கார்ட மூடினது யாரு?"

ஸ்னேஹா கணினியைத் தட்டிப் பார்த்தாள். சற்றுத் தயங்கி, "சுஹாஸ் சார் மெயில் போட்டிருக்காரு. மே இருபத்தொன்பது," என்றாள்.

அம்புஜம் தன் கைப்பேசியை நீட்டினாள். ஜூன் முதல் தேதி காலை ஒன்பது மணி நான்கு நிமிடத்திற்கு அவள் சுஹாஸுக்கு அனுப்பிய செய்தி அதில் இருந்தது: கார்டு வேலை செய்யவில்லை, எப்படி உள்ளே வருவது? மூன்றாம் தேதி மீண்டும் அதே கேள்வி. இரண்டிற்கும் ஒரே விடை: பார்க்கிறேன்.

"ஜூலை மூணாந் தேதி வரைக்கும் நான் இந்தக் கம்பெனி ஊழியர்தானே? ராஜினாமா குடுத்துட்டா அன்னிக்கே செத்தா போயிட்டேன்? வேலையும் நாற்காலியும் குடுக்க வேண்டியது நீங்க. கதவ நீங்களே மூடிட்டு, ஏன் உள்ள வரலேன்னு நீங்களே கேட்டா எப்படிம்மா?"

ஒரு வெள்ளைத்தாளை வாங்கி, தேதிகளோடு இவற்றையே ஆறு வரிகளில் எழுதினாள். படி ஒன்றும் எடுத்துக்கொண்டாள். "வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடு. நாளைக்கு லேபர் ஆபீசுக்கு ஒரு காப்பி போகும்."

ஸ்னேஹா தாளை எடுத்துக்கொண்டு மேலே சென்றாள். அதன்பின் அரைமணி நேரம் அம்புஜத்திற்கு அரையுகமாகக் கழிந்தது. அமர்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள். மின்தூக்கி நிற்கும் ஒலி கேட்கும்போதெல்லாம், கேமராவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று கதவைப் பார்த்தாள்.

சுஹாஸ் நேரிலேயே இறங்கி வந்தான். "என்ன அம்புஜம், லேபர் ஆபீஸ் அது இதுன்னு? இத்தன இயர்ஸ் ஒண்ணா இருந்தவங்க நாம."

"ஒண்ணா இருந்தவளுக்குத்தான் ஓடிப்போனவன்னு லெட்டர் அனுப்பினியா?"

அவன் ஒரு தாளை முன்னே வைத்தான். கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. ஜூன் முதல் தேதி தொடங்கி நோட்டீஸ் முடியும் வரை, நிறுவனத்தின் அறிவுறுத்தலின்படி அம்புஜம் வீட்டிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். அந்நாள்கள் யாவும் பணிநாள்களே, ஊதியம் உண்டு. ஜூலை மூன்றாம் தேதி விடுவிப்புக் கடிதம் தரப்படும். நாளை முதல் அவள் வர வேண்டியதில்லை.

கேட்டது அனைத்தும் அதில் இருந்தது. எனினும் பேனா தாளில் இறங்க மறுத்தது. பதினான்கு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு பொய்யின் கீழே கையெழுத்துப் போடுகிறாள். அதுவும் யாரும் காணாத அந்த அறையில், பேனாக்களைக் கீறிக்கீறி அவள் காத்த பதினொரு நாள்களை இல்லையென்று சொல்லும் பொய்.

"மொதல்ல நீ போடு," என்றாள். சுஹாஸ் கையெழுத்திட்டு முத்திரை வைத்த பிறகே அவளும் இட்டாள். அவன் விடைபெறாமலே போய்விட்டான்.

ஸ்னேஹா குரலைத் தாழ்த்தினாள். "மேடம், நெஜமா சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அந்தப் பதினோரு நாளும் எங்க இருந்தீங்க?"

"வீட்டுலதான். இப்பத்தானே நீங்களே எழுதிக் குடுத்தீங்க?"

கீழே லாயிட் எழுந்து நின்றார். "என்னம்மா ஆச்சு?"

"ஆறாந் தேதி சேர்ந்துடுவேன். உங்கள யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"அப்ப நாளைக்கு?"

"வரமாட்டேன், லாயிட். வரக் கூடாதாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் நிற்கவில்லை. வெளியே மணி பதினொன்று. அல்சூர்ப் பேருந்து வந்து, நின்று, அவள் ஏறாமலே புறப்பட்டுப் போயிற்று. நின்ற இடத்தில் நிற்க முடியாமல், அம்புஜம் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.