குதிரைப்பால் வைத்தியம்

கண் விழித்ததும் புருல்ச்சாவின் காதில் டீக்குத் தண்ணீர் வைத்த சமோவார் கொதிக்கிற சத்தம் மட்டும்தான் விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த கணவன் சகின்பெக்கின் நெஞ்சிலிருந்து வரும் டிக் டிக்கைக் காணோம். தலைநகர் பிஷ்கெக்கில் அவன் இதயத்தில் உலோக வால்வு வைத்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்குகிறாள். ஆரம்பத்தில் சனியன் பிடித்த சத்தம் என்று திட்டியதும் உண்டு. இப்போது அவன் நெஞ்சில் காதை அழுத்தினால், கம்பளிக்குள் சுற்றிவைத்த கடிகாரம் மாதிரி எங்கோ அமுங்கிக் கேட்கிறது.

"என்னடி, காலங்காத்தால கொஞ்சல்?" சிரிக்கப் போனவனுக்கு மூச்சு வாங்கியது.

"ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரையப் போடுறீங்களா இல்லையா?"

அவன் கூடாரத்தின் புகைத்துளையைப் பார்த்தான். அதற்குள் அவனுடைய அக்கா கலிபா, அப்போதுதான் கறந்த குதிரைப்பாலை மரக்கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். மேய்ச்சல் மலைக்கு வந்து இந்தப் பாலைக் குடித்தால் செத்த உடம்பும் தேறும், குடிக்கிற நாட்களில் மருந்து மாத்திரை கூடாது என்பது அவள் சட்டம்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். ரெண்டும் சேந்தா பால் வேலை செய்யாது. எங்கப்பா இதக் குடிச்சுத்தான எந்திரிச்சு உக்காந்தாரு?"

"உங்கப்பா நெஞ்சுல இரும்பு இருந்துச்சா அண்ணி? மாத்திரைய விட்டா அதுல ரத்தம் கட்டிக்கும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"அக்காவத் திட்டாத," என்றான் சகின்பெக். "நீ கத்துவேன்னு மறைச்சது நான்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது.

இருவரும் சேர்ந்து அவனை ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றினார்கள். கீழே ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே மதியமாகிவிடும். புருல்ச்சா ஓட்டினாள். பின்னால் கலிபா தம்பியை மடியில் சாய்த்து, தலைத்துணியை உருவி எறிந்துவிட்டு அவன் நெஞ்சில் காதை வைத்தாள்.

"கேக்குதா அண்ணி?"

"வண்டி சத்தத்துல ஒண்ணும் தெரியலடி. கொஞ்சம் நிறுத்தேன், ஒரே ஒரு நிமிஷம்."

கால் தன்னால் பிரேக்குக்குப் போனது. நிறுத்தினால் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்வது? நின்று பார்க்கிற பாழாய்ப்போன அந்த ஒரு நிமிஷமும் அவன் உயிரிலிருந்துதான் கழியும்.

"மாட்டேன்," என்று காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைத்தாள். வளைவில் ஜீப் குலுங்கியது.

கண்ணாடியில் பார்த்தாள். கலிபா காதை எடுக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, குழந்தைக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுப்பது போலத் தம்பியின் நெஞ்சிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்: "டிக்... டிக்... டிக்..."